முயல் காது வைத்த செருப்பு

1

இந்தக் கதை என் தங்கை வீட்டுக் குளியலறை வாசலில் கிடந்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பிலிருந்து வந்தது. அதைப் போடாமல் அங்கே யாரும் குளிப்பதில்லை. போடாவிட்டால் குழாய் ஷாக் அடிக்கும்.

நான் குடும்பக் காதல் கதை எழுதுகிறவள். அதனால் முதல் வரி இப்படி வந்து தொலைத்தது: ஒரே செருப்பைப் பங்குபோட்டுக்கொள்ளும் தம்பதிக்குள் சண்டை எத்தனை நாள் நீடிக்கும்? அவன் ஈரத்தலையோடு வெளியே வர, அவள் வெட்கத்துடன்

(வெட்கமாவது மண்ணாவது. இந்த வரி பாதியிலேயே கிடக்கட்டும்.)

2

தங்கை கணவனை வில்லனாக்கப் பார்த்தேன், முடியவில்லை. சண்டை வந்தால் முதலில் பேசுவது அவன்தான். வெங்காயம் நறுக்கித் தருவான். என் வாசகிகளுக்கு ரொம்பப் பிடிக்கும். அதுதான் எனக்கு எரிகிறது.

ஹீட்டரைப் போடும்போதெல்லாம் டிரிப் சுவிட்ச்* விழுந்தது. ஒருநாள் ஸ்டூல் போட்டு ஏறி, கரன்ட் அதைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி ஒரு ஒயரை மாட்டிவிட்டான்.

"பாத்தியா, இப்ப விழல!"

"குழாயத் தொட்டா சுர்ருங்குதுங்க."

"செருப்பு போட்டுக்கோம்மா. இதுக்குப் போயி..."

* கரன்ட் கசிந்தால் தானே விழுந்து உயிரைக் காப்பது. அவன் அதற்கு வைத்த பெயர் தொட்டாச்சிணுங்கி.

3

குழந்தை நடக்க ஆரம்பித்தாள். அவன் ஒரு பொட்டலத்தோடு வந்தான். உள்ளே முயல் காது வைத்த குட்டி ரப்பர் செருப்பு.

"இனி குட்டியும் நம்மள மாதிரி ஜம்முனு நடந்து போய்க் குளிப்பா!"

(நான் எழுதும் நாயகி இந்த இடத்தில் கண்கலங்கி அவன் தோளில் சாய்வாள்.)

தங்கை எனக்குப் போன் செய்தாள். "அக்கா, அவருக்கு ஹீட்டர மாத்தத் தோணல. செருப்பு வாங்கத் தோணியிருக்கு." அவள் அழவில்லை. எலெக்ட்ரீஷியனை வரச் சொல்லிவிட்டாள்.

4

எலெக்ட்ரீஷியன் வந்தபோது நானும் இருந்தேன். சுவிட்ச் பெட்டியின் மூடியைத் திறந்தவர் கேட்டார்: "இத மாட்டின புண்ணியவான் யாரு?"

"நான்தான்," என்றான் மாப்பிள்ளை, கொஞ்சம் பெருமையாகவே.

"வீட்ல எல்லாரும் உயிரோட இருக்கீங்களான்னு ஒரு தடவ பாத்துக்கோங்க சார்."

ஒயரைப் பிடுங்கி அவன் கையிலேயே கொடுத்தார். கோளாறு ஹீட்டருக்குள், புதிது வாங்கும்வரை தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"வெளியாள் முன்னாடி என்னை முட்டாளாக்கிட்டல்ல?" என்று அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். "புதுசு வர்ற வரைக்கும் பச்சத்தண்ணியா? ஒயரத் திரும்ப மாட்டுறேன்."

தங்கை குனிந்து, பெரிதும் சிறிதுமாக இரண்டு ஜோடிச் செருப்பையும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"மாட்டுங்க. மாட்டிட்டு, வெறுங்காலோட நீங்க மொதல்ல போய்க் குளிங்க."

அவன் ஸ்டூல் மேலிருந்தபடி கையிலிருந்த ஒயரைப் பார்த்தான்.

5

முடிவு ஒன்று: அவன் கலங்கி மன்னிப்புக் கேட்கிறான். என் பதிப்பாளருக்கு இதுதான் வேண்டும். எனக்குக் கை ஓடவில்லை. அவன் இன்னும் கேட்கவில்லையே!

முடிவு இரண்டு: ஒயரை மாட்டிவிடுகிறான். பிறகு ஒருநாள் குழந்தை செருப்பை மறந்து

எழுத மாட்டேன். அவளுக்கு என் மூக்கு.

ஆகவே அவனை ஸ்டூல் மேலேயே விட்டுவிட்டுப் போகிறேன். அன்பானவன்தானே, பாவம், இறங்கட்டும் என்று உங்களுக்குத் தோன்றும். தாராளமாக இறக்கிவிடுங்கள். அதற்கு முன் அவன் கையிலிருக்கும் ஒயரை வாங்கிக்கொள்ளுங்கள்.