பின்சீட்டில் உட்காரும் சோதனைக்காரர்

மஞ்சள் காமாலையில் படுத்து எழுந்த நாளிலிருந்து, கார் கம்பெனியின் ஏசி சோதனைக்காரர் எந்த வண்டியில் ஏறினாலும், ஏசி போடாமலேயே பத்து நிமிடத்தில் அந்த வண்டி குளிர்ந்துபோனது. முதலில் கண்டுபிடித்தது அவர் மனைவிதான். நடுக்கோடையிலும் அவர் பக்கத்தில் படுக்க அவளுக்கு இரண்டு கம்பளி வேண்டியிருந்தது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

அவருடைய வேலையில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. வண்டியை வெப்ப அறையில் நிறுத்தி, நாற்பத்துமூன்று டிகிரியில் ஒரு மணி நேரம் காயவிடுவார்கள். பிறகு அவர் ஏறிக் கதவைச் சாத்தி, ஏசியை முழு வேகத்தில் வைத்து, காற்று வரும் துவாரத்தில் செருகிய தெர்மாமீட்டரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதுவார். காமாலைக்கு முன்பு நூற்றுக்கு ஏழு வண்டியாவது தேறாமல் திரும்பும். பின்பு ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஏசிக்குக் கேஸ் நிரப்ப மறந்த வண்டியும் தேறியது. மனம் கேட்காமல் மேலாளரிடம் போனார்.

"சார், குளிருறது வண்டி இல்ல, நான்தான். வேற ஆளைப் போடுங்க."

மேலாளர் அவர் கையைத் தொட்டுப் பார்த்து, வெடுக்கென்று தன் கையை இழுத்துக்கொண்டார். "தெர்மாமீட்டர் என்ன காட்டுதோ அதை எழுதுங்க. மத்தது உங்களுக்கெதுக்கு?"

மகள் கல்லூரியில் இருந்தாள். அவர் எழுதினார். இரண்டு ஆண்டுகள் எழுதினார்.

மூன்றாம் கோடையில், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒருத்தி, காய்ச்சல் கண்ட ஒன்பது மாதப் பையனைப் புது வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையில் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டாள். ஏசி அனலைக் கக்கியது. கண்ணாடியை இறக்கினால் வெளியே அதைவிட அனல். மூன்று மணி நேரம் கழித்து வண்டிகள் நகர்ந்தபோது பையன் அசையவில்லை. அந்த வண்டியின் சோதனைச் சீட்டில் இருந்தது இவருடைய கையெழுத்து.

வேலையை விட்டுவிட்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்று, ஒன்று விடாமல் சொன்னார். அவள் அழவில்லை, ஏசவுமில்லை.

"தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டீங்களா?"

"தெரிஞ்சேதாம்மா போட்டேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாளும் போய் நின்றார். அதற்கு மறுநாளும் நின்றார். பதினோராம் நாள் அவள் வண்டிச் சாவியோடு வெளியே வந்தாள்.

"ஏறுங்க. பின்னாடி. அவன் இருந்த இடத்துல."

ஆறு ஆண்டுகளாக அவள் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவர் பின்சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார். அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓட்டுகிறாள். கண்ணாடியில் படியும் பனியைத் துணியால் துடைத்துக்கொள்கிறாள். அவரை அவள் மன்னித்ததாக யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்டதில்லை. வெயில் காலத்தில் பாலம் அடைத்துக்கொண்டால், போக்குவரத்துக் காவலர் மற்ற வண்டிகளில் துவண்டு கிடக்கும் குழந்தைகளைத் தூக்கிவந்து அவருக்குப் பக்கத்தில் கிடத்துவார். தாய்மார்கள் வெளியே நிற்பார்கள். குழந்தைகளின் உதடு நீலம் பாரிக்கும் முன் அவள் திரும்பிப் பார்த்து, "போதும், இறக்குங்க" என்பாள். காவலர் அடுத்த குழந்தையைக் கொண்டுவருவார்.