பதினாலாம் கட்டிலின் நெஞ்சுவலி

லூயிசியானாவின் பைன் காட்டுக்கு நடுவே, குடியேற்ற வழக்கு முடியும்வரை பெண்களை அடைத்துவைக்கும் முகாம் அது. இடம் அரசாங்கத்தின் பெயரில். நடத்துவது ஒரு தனியார் கம்பெனி. ஆய்வுக்கு வருகிறோம் என்று பத்து நாள் முன்பே சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அதனால் அரசு ஆய்வாளர் ஓடெட் கீட்ரி எந்த முகாமில் போய் இறங்கினாலும் பெயிண்ட் வாசனைதான் முதலில் வரவேற்கும்.

இந்த முறை ஒரு சாவு இருந்தது. மார்ச்சில் ஃப்ளோரிசெல் என்ற ஹோண்டுராஸ்காரி நெஞ்சடைத்துச் செத்துப்போனாள். அவள் ஒருநாளும் டாக்டரைக் கேட்கவேயில்லை என்று கம்பெனி சாதித்தது. கேட்டதாக ஒரு சீட்டும் இல்லை. இன்று மாலைக்குள் எதுவும் கிடைக்காவிட்டால் ஓடெட் கையெழுத்துப் போட்டுக் கோப்பை மூட வேண்டியதுதான்.

"எப்படி இருக்கு பாருங்க மேடம், பளபளன்னு," என்றார் வார்டன் ஹாடக்.

"ஆமா, தொட்டா கையில ஒட்டுது."

அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு ஓடெட் பெண்கள் கூடத்துக்குள் போனாள். "ஏதாவது குறை இருக்கா?" என்று ஸ்பானிஷில் கேட்டதுதான் தாமதம், பதினாலாம் கட்டில்காரி எழுந்து கடகடவென்று ஆரம்பித்தாள்.

"எனக்கு நெஞ்சு வலிக்குது. பிப்ரவரி மூணு, காலைச் சாப்பாட்டுக்கு முன்னால, டாக்டர் வேணும்னு சீட்டு குடுத்தேன். வாங்கினது காவலர் பிரூவர்..."

ஓடெட் பதறிப்போனாள். "ஐயோ, நர்ஸைக் கூப்பிடுங்க!"

கூடமே சிரித்தது.

"எனக்கு ஒண்ணுமில்ல சென்யோரா, குதிரையாட்டம் இருக்கேன்." அவள் பெயர் சுலேமா, வந்து ஆறு நாள்தான் ஆகிறது. "இது இந்தக் கட்டிலோட பேச்சு, இதுல படுத்திருந்த ஃப்ளோரிசெல் சொன்னது. இங்க எங்களுக்குப் பேரு கிடையாது, கட்டில் நம்பர்தான். எழுதிவச்சா சோதனையில பிடுங்கிடுவாங்க. அதனால போறவ வர்றவளுக்கு மனப்பாடமாக் குடுத்துட்டுப் போவா. எனக்குச் சொல்லிக்குடுத்தவளும் ஃப்ளோரிசெல்லப் பார்த்ததில்ல."

பதினோரு தேதி, சீட்டை வாங்கிய காவலர் பெயரோடு சொன்னாள். எல்லாம் 'நான்' 'எனக்கு' என்றே.

"பதினேழு இல்லடி மண்டு, பத்தொன்பது!" என்று பதினஞ்சாம் கட்டில் அதட்டியது.

"ஏழாவது தடவை வாங்கினவர் பேரு தெரியல. அன்னிக்கு மட்டும் வந்த ஆளு," என்றாள் சுலேமா.

ஓடெட் அலுவலகத்தில் காவலர் பணிப்பட்டியலை வாங்கி ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். பத்து பெயரும் பொருந்தின. ஏழாவது தேதியில், வேறு முகாமிலிருந்து ஒரே ஒரு நாளைக்கு இரவல் வந்த காவலர் ஒருவர். ஓடெட் பதினெட்டு வருஷமாக எத்தனையோ கோப்பு பார்த்திருக்கிறாள். முகம் தெரியாத ஒருத்தியின் வலியை இத்தனை பிசகில்லாமல் காத்துவைத்த கோப்பை அவள் கண்டதில்லை.

மூடச் சொன்ன கோப்பில், 'பதினோரு முறை கேட்டிருக்கிறாள். விசாரணை தொடர வேண்டும்' என்று எழுதினாள். பிறகு கூடத்துக்குத் திரும்பிப் போனாள்.

"எழுதிட்டேன் சுலேமா. இனி நீ மறந்துடலாம்."

சுலேமா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களையும் எங்கயாவது மாத்திட்டா?"

ஓடெட் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுவிட்டுப் பதினாலாம் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"மொதல்லேருந்து சொல்லு," என்றாள். "எனக்கு நெஞ்சு வலிக்குது. பிப்ரவரி மூணு... அப்புறம்?"