தூண்டில் பெட்டி

என் பூட்டை வெட்டுவதை வேடிக்கை பார்க்க நானே போய் நின்றிருந்தேன். வெட்கங்கெட்டவள்தான், வேறென்ன சொல்ல? டெக்ஸாஸ் வெயிலில் தகரக் கதவுகள் வரிசையாகக் கொதித்தன. சாமான் போட்டுவைக்க வாடகைக்கு எடுத்துவிட்டுப் பணம் கட்டாதவர்களின் அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து ஏலம் விட்டுக்கொண்டு வந்தார்கள். அடுத்தது என்னுடையது. உள்ளே கிடந்த சோபாவும் டிவியும் எவனுக்கோ போகட்டும். எனக்கு வேண்டியது பச்சைத் தூண்டில் பெட்டி ஒன்றுதான். என் புருஷன் ராஸ்கோ மீன்பிடிக்கத் தூக்கிப் போகும் பெட்டி; இப்போது அவர் சாம்பல் அதில் இருந்தது. வீடு கைவிட்டுப் போய்த் தங்கையின் டிரெய்லர் வீட்டில் ஒண்டப் போனபோது, "சாம்பலை மட்டும் உள்ள கொண்டு வராதே" என்றுவிட்டாள். நாலு நாள்தானே என்று ராஸ்கோவை மெத்தைகளோடு இங்கே போட்டுப் பூட்டினேன். அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆபீசில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த சின்னப் பெண்ணிடம், என் புருஷன் உள்ளே இருக்கிறார் என்று எந்த வாயால் சொல்வேன்? ஏலம் எடுக்க வந்தவள்போல நின்றுகொண்டேன்.

"முதல் தடவையா தங்கச்சி?" என்றார் பக்கத்தில் நின்ற தொப்பிக்காரர். பெயர் கிளீவ். இதே பிழைப்பு என்று பார்த்தாலே தெரிந்தது. நான் தலையாட்டினேன்.

"வாசலைத் தாண்டக் கூடாது. டார்ச் அடிச்சுப் பாத்துக்க வேண்டியதுதான். அட்டைப்பெட்டில ஒட்டி, மேல எழுதி வச்சிருந்தா நல்ல சாமான். குப்பைப் பையில அள்ளிப் போட்டிருந்தா அடிச்சு வெரட்டின கேசு, கிட்டயே போகாதே. முக்கியமா, எது மேல ஆசையோ அதைப் பாக்காதே. இங்க பாதிப்பேர் அறையப் பாக்கறதில்ல, அடுத்தவன் கண்ணைத்தான் பாக்கறான்."

பூட்டு விழுந்தது. கதவு மேலேறியது. சோபா, டிவி, மெத்தை, பச்சைப் பெட்டி போக மீதி அத்தனையும் குப்பைப் பைகள்.

"அடக் கண்றாவியே, இது என்ன குடும்பமா, குப்பைத்தொட்டியா?" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடவுளே, நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஏலக்காரர் விலையைப் பாட ஆரம்பித்ததும் கையைத் தூக்கினேன். கிளீவும் தூக்கினார். பர்சில் இருந்தது தீரும்வரை ஏற்றினேன். அவர் சலனமே இல்லாமல் அதற்கு மேலே போனார். அறை அவருக்கு முடிந்தது.

"கோவிச்சுக்காதே தங்கச்சி. அந்தப் பச்சைப் பெட்டிய விட்டு நீ கண்ணையே எடுக்கல. சரி, ஏதோ பழைய சரக்கு மாட்டப் போகுதுன்னு நெனச்சேன். நான்தான் சொன்னேனே, ஆசையக் காட்டாதேன்னு."

உள்ளே போய் முதல் வேலையாக அந்தப் பெட்டியைத்தான் தூக்கி வந்தார். மூடியைத் திறந்து, சாம்பல் பையில் கட்டியிருந்த சீட்டைப் படித்தவர் அப்படியே நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

"ஐயோ, ஒரு மனுஷனில்ல இருக்கான் இதுல!"

இப்போதுதான் நான் பெட்டியை விட்டுக் கண்ணை எடுத்தேன்.

"எந்தப் பாவி இப்படிப் போட்டுட்டுப் போனாளோ, நல்லா இருப்பாளா அவ?" மூடியைப் பூப்போல மூடினார். "போட்டோ, சாம்பல் இதெல்லாம் ஆபீஸ்ல குடுத்துடணும். நீ வெளியதானே போற? போற வழியில குடுத்துடும்மா. பாத்து, ஆட்டாம கொண்டு போ."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். எத்தனை மெதுவாக நடந்தும், நான் எடுக்காமல் விட்ட, தூண்டில் கயிற்றில் கட்டும் ஈயக் குண்டுகள் அடியில் உருண்டன. வலப்பக்கம் என் கார் நின்றது; அப்படியே ஏறிப் போய்விடலாம். இடப்பக்கம் ஆபீஸ். கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்த அந்தப் பெண், கை நிறையச் சுமையோடு வருகிறேன் என்று ஓடிவந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"வாங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க. என்ன அது?"

"தூண்டில் பெட்டி" என்றேன்.

அவள் கதவை விடவில்லை. உள்ளேயிருந்து ஏசிக் குளிர் என் முகத்தில் அடித்தது. கைகளுக்குள் பெட்டி சுட்டது.