பொதுச்சுவர் ஜன்னலில் ஆறு மீன்

நான் மீன் வளர்த்தது மீன் மேல் உள்ள ஆசையால் இல்லை. என் தம்பி சுடலைராஜால். பாசத்தில் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவன் ஒரு ஜன்னலை அடைக்கப் பார்த்தான். அவனை அடைக்க விடாமல் செய்ய எனக்குக் கனமாக ஒரு பொருள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பேட்டையில் எங்கள் அப்பா கட்டிய வீடு. அப்பா போன மறுவருஷமே பாகம் பிரித்தோம். தெருவைப் பார்த்த முன்பாதி மூத்தவன் எனக்கு, முற்றமும் பின்பாதியும் அவனுக்கு. நடுச்சுவர் பொது என்று பத்திரத்தில் எழுதியவர், அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் இருப்பதை எழுத மறந்துவிட்டார். என் வீட்டு உள்ளறைக்கு வெளிச்சமும் காற்றும் அந்த ஜன்னல் வழியாகத்தான் வரும், அதுவும் அவன் முற்றத்திலிருந்து. அதே மாதிரி முனிசிபல் குழாய் என் பாதியில் விழுந்துவிட்டது. தாமிரபரணித் தண்ணீர் எனக்கு. அவனுக்கு முற்றத்து போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. சுவரில் ஒரு ஓட்டை போட்டு ஒரு குழாய் இழுத்துக்கொள்கிறேன் என்று ஆள் விட்டுக் கேட்டான். முடியாது என்றேன். அப்படியானால் ஜன்னலை அடைக்கிறேன் என்று செங்கல் இறக்கி முற்றத்தில் அடுக்கிவிட்டான்.

மூன்று வருஷமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. அதற்காக வாயை மூடிக்கொண்டு இருந்தோம் என்று அர்த்தமில்லை. ஜாடை பேசுவோம். நான் சுவரில் உட்காரும் காக்காயைத் திட்டுவேன், அவன் தன் வாளியைத் திட்டுவான். திட்டு யாருக்கு என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

இது போக என்னிடம் ஒரு மணி இருந்தது. தம்பி நூற்பாலையில் இரவு ஷிஃப்ட் முடித்து ஏழு மணிக்கு வந்து படுப்பான். நான் ஏழரைக்குச் சாமி கும்பிடுவேன். பேச்சு முறிவதற்கு முன்னால் ஆறு மணிக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தவன்தான் நான். சாமி படங்களையும் ஜன்னலை ஒட்டிய சுவருக்கு மாற்றி மாட்டினேன். வெண்கல மணி, கைக்கு அடக்கமானதுதான், ஆனால் அடித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் அடிப்பேன். சாமிக்கு இவ்வளவு சத்தம் வேண்டாம் என்று என் வீட்டுக்காரி இசக்கியம்மாள் சொல்லிப் பார்த்தாள். பக்தியில் அளவு பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

மோட்டாருக்கு காயில் கட்டுவது என் தொழில். மேலப்பாளையத்தில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் அசன் மைதீன் ஒருநாள் எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்ததும்தான் எனக்கு யோசனை வந்தது. அந்தக் காலத்துச் சுவர், ஜன்னல் திண்டே ஒன்றரை அடி அகலம். அதில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்துத் தண்ணீரை நிரப்பி மீனையும் விட்டுவிட்டால், எந்தக் கொத்தனார் வந்து செங்கல் வைப்பான்? மறுநாளே அவர் கடைக்குப் போனேன்.

இரண்டடித் தொட்டி ஒன்றைக் காட்டி, இதற்கு ரெயின்போ மீன் விடலாம் என்றார். எட்டிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில், ஆற்றுக் கெண்டைப்பொடி மாதிரி ஆறு உருப்படி. என்னைப் பார்த்தால் ஏமாளியாகத் தெரிகிறதா என்று சண்டைக்குப் போய்விட்டேன். அவர் சிரித்துக்கொண்டே செல்போனில் வளர்ந்த மீனைக் காட்டினார். முன்பாதி நல்ல நீலம், பின்பாதி ஆரஞ்சு. எங்கள் வீட்டைப் போலவே பாகம் பிரித்த மீன். அது எனக்குப் பிடித்துப்போனது. கூட்டமாக இருந்தால்தான் பிழைக்கும், ஒற்றையாக விட்டால் ஏங்கிச் செத்துவிடும் என்றார். குழாய்த் தண்ணீரில் மருந்து கலந்திருக்கும், ஒருநாள் பிடித்து வைத்துத்தான் ஊற்ற வேண்டும், அதுவும் கால்வாசிக்கு மேல் மாற்றக்கூடாது என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்.

"நிறம் பையத்தான் வரும் அண்ணாச்சி. மனசு ஒத்த இடத்துலதான் அதுக்கு நிறம் ஏறும். மூடிய மட்டும் எடுத்துராதீய, இது துள்ளுத சாதி."

அவர் சொன்னதில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. பொதிகையில் பிறந்து வருகிற தண்ணீரை ஒரு மீனுக்கு ஊற்ற ஒருநாள் காத்திருப்பதா? எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் வீடு கழுவுவோம். அந்தக் கையோடு மீன் தொட்டியையும் கூழாங்கல் வரைக்கும் தேய்த்துக் கழுவி, குழாயைத் திறந்து புதுத்தண்ணீர் நிரப்பினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மீன் வயிற்றைக் காட்டி மிதந்தது.

இசக்கியம்மாள் அதற்காக வருத்தப்படவில்லை. வீட்டுக்கு வந்த திருஷ்டியை மீன் வாங்கிக்கொண்டு போயிருக்கிறது, நல்லதுதான் என்றாள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு நம்பிக்கை உண்டு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. அந்தக் கண்ணடியைத்தான் மீன் நமக்காகப் படுகிறது. யார் கண் என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் இருப்பது ஒரே பங்காளிதான்.

அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. மேலே கண்ணாடி மூடியைப் போட்டு வைத்தால் அவன் கண் மீன் மேல் எப்படி முழுசாக விழும்? மீதித் திருஷ்டி வீட்டுக்குள் அல்லவா வந்துவிடும்? மூடியை எடுத்து பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். வரட்டும், அவன் வயிற்றெரிச்சல் மொத்தத்தையும் மீன் குடிக்கட்டும் என்று இருந்தேன்.

இதற்கிடையில் வேண்டாத ஒன்று நடந்தது. எனக்கு மீனைப் பிடித்துவிட்டது. சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்து முன்னால் நின்றால் ஐந்தும் கண்ணாடிக்கு ஓடிவரும். இரைக்காகத்தான், எனக்கும் தெரியும். இருந்தாலும் இந்த வயசில் என் முகத்தைப் பார்த்து யாரும் ஓடிவந்ததில்லை. எட்டு மணிக்குப் பூட்டுகிற கடையை ஆறரைக்கே பூட்ட ஆரம்பித்தேன்.

ஒருநாள் வந்து எண்ணினால் நாலு. செத்ததைக் காணோம். கூழாங்கல்லைக் கிளறினேன், ஜன்னலுக்குக் கீழே அறையெல்லாம் தேடினேன். பத்துநாள் கழித்து மூன்று. பிறகு இரண்டு. திருஷ்டியில் மீன் சாகும், ஒத்துக்கொள்கிறேன். உடம்பு எங்கே போகும்? ஜன்னல் கம்பிக்கு நடுவே நாலு விரல் இடைவெளி. ஒருவன் கை தாராளமாக நுழையும்.

களவாணிப் பயலுக்குக் கையில் புழு வைக்கும் என்று காக்காயிடம் சொன்னேன். கண்ணவிஞ்சவனெல்லாம் மீன் வளர்க்க வந்துவிட்டான் என்று முற்றத்தில் வாளிக்குப் பதில் போனது. அதையே ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அது கண்ணாடிக்கு ஓடிவரவில்லை. மூலையில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. இருந்த சாம்பல் நிறமும் போய் வெளுத்திருந்தது. இரை போட்டால் அது பக்கத்தில் விழுந்து கீழே போயிற்று, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏங்கிச் செத்துவிடும் என்று அசன் மைதீன் சொன்னது நினைவுக்கு வந்தது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பக்கத்துச் சந்து வழியாக அவன் வாசலுக்குப் போனேன். மூன்று வருஷத்தில் அந்தப் படியை மிதித்தது அன்றைக்குத்தான்.

தம்பி பெண்டாட்டி முத்துராணி முற்றத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "வாங்க அத்தான்" என்று எழுந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. என் ஜன்னலுக்கு நேர் கீழே, சுவரை ஒட்டி, இடுப்பளவு சிமெண்டுத் தொட்டி. போர் தண்ணீர் ஏற்றி வைக்கிற தொட்டி. அதற்குள் என் நாலு மீனும் வட்டமடித்துக்கொண்டிருந்தன. முன்பாதி நீலம், பின்பாதி ஆரஞ்சு. செல்போனில் பார்த்த அதே நிறம். பாசி பிடித்த உப்புத் தண்ணீரில், கொசுப்புழுவைத் தின்று, என் வீட்டில் இருந்ததைவிட ஒன்றரை மடங்கு வளர்ந்திருந்தன.

மீன் கிடைத்த சந்தோஷம் எனக்கு வரவில்லை. என் வீட்டில் வராத நிறம் அவன் வீட்டில் வந்துவிட்டதே என்றுதான் பற்றிக்கொண்டு வந்தது.

"முத்துராணி, களவாண்ட மீனுக்கு நல்லாத்தான் இரை போட்டு வளக்கீய."

சத்தம் கேட்டுச் சுடலைராஜ் உள்ளேயிருந்து வந்தான். ஷிஃப்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான் போலிருக்கிறது, சட்டைப் பொத்தான் பாதி போட்டிருந்தது. என்னைப் பார்க்கவில்லை, பெண்டாட்டியைப் பார்த்துத்தான் பேசினான்.

"அவுககிட்ட சொல்லு முத்துராணி. யாரும் களவாங்கல. ஏழரைக்கு மணிச் சத்தம் கேட்டா அதுல ஒண்ணு வெருண்டு துள்ளும், கம்பி வழியா வந்து இங்கன விழும். முதல் மீன நாந்தான் திருப்பி உள்ள போட்டேன். மறுநா மணி அடிச்சதும் திரும்ப வந்துட்டு. எத்தன மட்டந்தான் போட?"

மணி அடிக்கும்போது நான் கண்ணை மூடியிருப்பேன். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவன் சொன்ன மாத்திரத்தில் அது உண்மை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் கோபம் கூடியது.

"களவாணிக்கு வாய் நீளம்னு சொல்லு முத்துராணி" என்றேன்.

அவன் முகம் செத்துப்போனது. நாலையும் அள்ளிக்கொண்டு போகச் சொல் என்றான். களவு போன பொருளைத் திரும்ப வாங்குகிற பழக்கம் எங்கள் பக்கம் இல்லை என்றேன். அப்படியானால் நாளை விடிவதற்குள் தொட்டி மேல் பலகையைப் போட்டு மூடு, இனி எவன் வீட்டு மீனும் நம் தண்ணீரில் விழ வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து இசக்கியம்மாளிடம் கொதித்தேன். அவள் நிதானமாகக் கேட்டுவிட்டு, முதல் மீன் விழுந்த அன்றைக்கே முத்துராணி தெருமுனையில் வைத்துச் சொல்லிவிட்டாள் என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றதற்கு, மணியை மெதுவாக அடிக்கச் சொன்னபோதே நீங்கள் கேட்கவில்லையே என்றாள்.

மறுநாள் காலை ஏழரைக்கு ஜன்னல் முன்னால் நின்றேன். ஒற்றை மீன் அதே மூலையில் நின்றது. மூடியைப் போட்டால் அது துள்ளாது, ஆனால் நாலைந்து நாளில் செத்துவிடும். செம்பில் பிடித்துக்கொண்டு போய் அவன் வாசலில் நின்றால் பிழைக்கும், ஆனால் நான் வாய் திறந்து கேட்க வேண்டும். தலை குனியாமல் காரியம் நடக்க ஒரே வழிதான் தெரிந்தது. நான் பாட்டுக்குச் சாமி கும்பிடுவேன். மீன் பாட்டுக்குப் போனால் போகட்டும். யாரும் யாரிடமும் எதையும் கேட்டதாக ஆகாது.

முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு மணியை அடித்தேன். கூடுதல் பலத்தோடு அடித்தேன். மீன் விசுக்கென்று ஒரு சுற்றுச் சுற்றியது, மேலே வந்தது, கம்பிக்கு நடுவே பாய்ந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கேட்டது மரத்தில் விழுந்த சத்தம்.

பலகை. நேற்று என் காது கேட்கச் சொன்ன பலகை. என் ரோஷத்தில் அதை மறந்தே போனேன். கம்பிக்குள் கையை விட்டால் நடுவில் என் கண்ணாடித் தொட்டி. எக்கிப் பார்த்தேன். பலகை மேல் மீன் துடித்துக்கொண்டு கிடந்தது. சுவரில் காக்காய். மூன்று வருஷமாக நான் திட்டிய அதே காக்காய்தானோ என்னவோ, கழுத்தைச் சாய்த்து மீனையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜாடை பேச அது நேரமில்லை.

"ஏலே சுடல! எந்திலே. மீனு பலகையில கெடக்கு, எடுத்துத் தண்ணியில போடுலே."

கைலியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தான். மீனைப் பார்த்தான், அசையாமல் நின்றான்.

"யாரக் கூப்பிடுதாக, முத்துராணி?"

"ஒன்னியத்தாம்லே கூப்பிடுதேன்" என்றேன். "நாந்தாம்லே தப்பு. அது என்னலே பண்ணிச்சு. எடுலே."

காக்காயை விரட்டினான். கையை நனைத்துக்கொண்டு மீனை அலுங்காமல் அள்ளினான். மற்றக் கையால் பலகையைத் தள்ளிவிட்டு உள்ளே விட்டான். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தபடியே நின்றான். பிறகு நிமிர்ந்து, மூன்று வருஷம் கழித்து என் முகத்தைப் பார்த்தான்.

"கூட்டத்துல சேந்துட்டு" என்றான். "நாளைக்கு ஜன்னல அடைக்கக் கொத்தனாரு வாராரு. ஜன்னல்ல இருந்து தொட்டிய எடுத்துரு."

மீனே இல்லாத தொட்டியை வைத்துக்கொண்டு நான் எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்? சரி என்றேன். வாய் அதோடு நிற்கவில்லை.

"அவரு வரும்போது சுவத்துல ஒரு ஓட்டையும் போடச் சொல்லு. ஆத்துத் தண்ணிக்கு ஒரு குழாய் இழுத்துக்கோ."

இதற்காகத்தான் முன்பு ஆள் மேல் ஆள் விட்டுக் கேட்டான். இப்போது சிமெண்டுத் தொட்டியை ஒரு தடவை பார்த்தான், என்னை ஒரு தடவை பார்த்தான்.

"வேண்டாம்ணே" என்றான். "அந்தத் தண்ணியில மீனு செத்துப் போவும்."

அவன் சொன்னது உண்மை. நான் வாளியை எடுத்து வந்து தொட்டித் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தேன்.