சொல்லாமல் விட்ட ஓட்டை

செவ்வாய்க்கிழமை என்றால் சுபாஜினி கோப்பாய்ச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, நேரே ஜெயரூபனின் இன்டர்நெட் வசதியுள்ள கொமினிகேசன் கடைக்குத்தான் போவாள். போட்டோக்கொப்பி எடுக்க நிற்பவர்களுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, தன் முறை வந்ததும் எப்போதும் கேட்கும் கேள்வியையே கேட்பாள்.

"தம்பி, கனடாவிலையிருந்து ஏதும் வந்ததோ?"

ஜெயரூபன் கணினித் திரையைத் தன் பக்கம் சற்றுத் திருப்பி, மவுஸை நாலு தரம் அழுத்தி, உதட்டைப் பிதுக்குவான்.

"ஒண்டும் வரேல்லை அக்கா. வந்தால் நானே கோல் எடுத்துச் சொல்லுவன்தானே. இந்த வெய்யிலுக்கை ஏன் அலையிறியள்?"

"மனம் கேக்குதில்லையடா தம்பி. மூண்டு வருசமாச்சு."

அவளுடைய கணவர் துரைராஜா கனடாவுக்குப் போய்ப் பதினொரு வருடம். அங்கே நிரந்தர வதிவிடம் கிடைத்ததும், மனைவியையும் ஒரே மகள் தயாளினியையும் கூப்பிட விண்ணப்பம் போட்டார். அப்போது தயாளினிக்கு இருபத்தொரு வயது. இருபத்திரண்டுக்குள் விண்ணப்பித்தால்தான் அந்த நாட்டுச் சட்டம் அவளைப் பிள்ளை என்று எடுக்கும். இன்று அவளுக்கு இருபத்துநாலு. அந்தப் பழைய கோப்பு உயிரோடு இருக்கும்வரைதான் அவள் தகப்பனிடம் போகலாம். அவரை அவள் கடைசியாகக் கண்டது பதின்மூன்று வயதில். விண்ணப்பத்தில் எல்லாருக்கும் பொதுவாகக் கொடுத்திருந்தது ஜெயரூபன் திறந்து கொடுத்த ஒரேயொரு மின்னஞ்சல் முகவரி.

சுபாஜினி நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்குத் தெரியாத விசயம் ஒன்று உண்டு. ஜெயரூபன் திரையில் பார்த்தது அவளுடைய மின்னஞ்சலே அல்ல. அதைத் திறக்க அவனால் மாதக்கணக்காக முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கமாகவே போய்விட்டது. பாஸ்போட், விசா, வேலை, எதுவென்றாலும் கொமினிகேசன்காரர்தான் மின்னஞ்சல் திறந்து தருவார். தொலைபேசி இலக்கமும் கடையினது, கடவுச்சொல்லும் கடையினது. ஜெயரூபன் அப்படி ஏறக்குறைய அறுபது குடும்பங்களுக்குத் திறந்து, எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரே உலாவியில் சேமித்து வைத்திருந்தான். "உவன் பாத்துக்கொள்ளுவான்" என்று சனமும் நிம்மதியாக இருந்தது. வீட்டைப் பூட்டிய திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுக்கவே யோசிக்கிற சனம்!

அந்த உலாவி ஒரு பெரிய கம்பனியினது. அதன் உள்வேலை கம்பனிக்கு மட்டுமே தெரியும். பாதுகாப்புத் திருத்தங்களை அவர்களும் மாதாமாதம் அனுப்பத்தான் செய்தார்கள். ஆனால் ஒருமுறை திருத்தம் ஏறியதும், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடிப்பதைப் புது எழுத்துக்கு மாற்றித் தரும் சின்னத் துணைக்கருவி வேலை செய்யாமல் படுத்துவிட்டது. அன்று மரண அறிவித்தல் அடிக்க வந்த ஆட்கள் கடையில் நின்று சத்தம் போட்டார்கள். மறுநாளே ஜெயரூபன் இனித் திருத்தம் எதுவுமே ஏறாதபடி நிறுத்திவிட்டான்.

குருநகரில் கணினி திருத்தும் சிமியோன் அவனோடு ஒன்றாகப் படித்தவன். போன ஆடி மாதம் கடைக்கு வந்தபோது இதைக் கண்டு தலையில் கை வைத்தான்.

"டேய், இவ்வளவு சனத்தின்ரை பாஸ்வேர்டை வைச்சுக்கொண்டு அப்டேட்டை நிப்பாட்டி வைச்சிருக்கிறாய். விளையாட்டோ? ஒண்டில் உதை அப்டேட் பண்ணு, இல்லாட்டி நான் பாவிக்கிற, உள்வேலையை ஆரும் பாக்கக்கூடிய திறந்த மூலப் பிரவுசரைப் போடு. அதிலை பிழை பிடிபட்டால் ஒளிக்கமாட்டாங்கள். அடைச்சுப்போட்டு, எங்கை ஓட்டை, எப்பிடி அடைச்சது எண்டு உலகத்துக்கே காட்டுவாங்கள்."

"உதுக்குத்தான் எனக்கு உது வேண்டாம் எண்டிறன்," என்று ஜெயரூபன் சிரித்தான். "தங்கடை வீட்டு ஓட்டையைத் தாங்களே ஊருக்குச் சொல்லுறவங்களை ஆர் நம்புறது? என்ரை பிரவுசர் ஒருநாளும் ஓட்டை எண்டு வாய் திறந்ததில்லை."

"நீ அதின்ரை வாயைக் கட்டி வைச்சிருக்கிறாய், பிறகெப்பிடித் திறக்கும்? மனிசர் எழுதினதுதானே மச்சான், ரெண்டிலையும் ஓட்டை வரும். ஆனால் திருத்தம் வெளியிலை வந்த அண்டைக்கே ஓட்டை எங்கையெண்டு கள்ளனும் கண்டுபிடிச்சிடுவான். அதைத் திறந்து காட்டினாலென்ன, மூடி அனுப்பினாலென்ன. அதுக்குப் பிறகு, போடாமல் இருக்கிறவனைத்தான் தேடித் திரிவாங்கள்."

"சரி சரி, நல்லூர்த் திருவிழா முடியட்டும். பாப்பம்."

திருவிழா முடிந்து கொடியும் இறங்கியது. அவன் பார்க்கவில்லை. செப்டெம்பர் கடைசியில் யாரோ ஒருவர் கடைக் கணினியில் பாட்டு இறக்க ஏதோ ஒரு தளத்தைத் திறந்தார். பல மாதங்களுக்கு முன்பே கம்பனி அடைத்துவிட்ட ஓட்டை ஒன்று, இந்தக் கணினியில் மட்டும் அகலத் திறந்து கிடந்தது. அதற்குள்ளால் புகுந்தவன் சேமித்த கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போனான். விடியக் கடை திறந்தபோது ஒன்பது மின்னஞ்சல்கள் பறிபோயிருந்தன. கடவுச்சொல், தொலைபேசி இலக்கம் எல்லாம் மாற்றப்பட்டிருந்தன. சுபாஜினியினதும் அதில் ஒன்று.

ஜெயரூபன் மிச்சம் ஐம்பதினது கடவுச்சொற்களையும் அவசர அவசரமாக மாற்றினான். உலாவியையும் புதுப்பித்தான். அதுவரை சரி. ஆனால் அந்த ஒன்பது பேரிடம் அவன் வாயே திறக்கவில்லை. சொன்னால் கடைப் பெயர் நாறிவிடும், ஒரு சனம் உள்ளே வராது என்று பயந்தான். எப்படியாவது மீட்டுவிடலாம் என்று நாட்களைக் கடத்தினான். கேட்டு வந்தவர்களுக்கு, ஒன்றும் வரவில்லை என்று சொன்னான். முதல் தடவை சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு பழகிவிட்டது.

டிசம்பரில் ஒருநாள் தயாளினி தனியாக வந்தாள்.

"அண்ணை, அந்த ஈமெயில் பாஸ்வேர்டை ஒருக்காத் தாங்கோவன். நான் என்ரை போனிலை பாக்கிறன். அம்மா அலையத் தேவையில்லை."

ஜெயரூபன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "கண்ட கண்ட போனிலை திறந்தால் எக்கவுண்ட் பூட்டுப்பட்டுப் போகும் தங்கச்சி. இவ்வளவு காலம் காத்துப்போட்டு இப்ப குழப்பப் போறியளோ?"

பாவம், அவள் பயந்தே போனாள். "வேண்டாம் அண்ணை, நீங்களே பாருங்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். அந்த நேரம்கூட அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

பெப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானம் தாயும் மகளும் சேர்ந்து வந்தார்கள். சுபாஜினி முறைக்கு நிற்கவில்லை. ஆட்களை விலக்கிக்கொண்டு நேரே மேசையடிக்கு வந்தாள்.

"இவள்ரை அப்பா பொறுக்கேலாமல் அங்கை குடிவரவுக் கந்தோருக்குக் கோல் எடுத்துக் கேட்டவராம். மூண்டு கடிதம் அனுப்பினதாம் தம்பி. மெடிக்கல் செய்யச் சொல்லி ஒண்டு, ஞாபகப்படுத்தி ஒண்டு. பதில் இல்லையெண்டு கோப்பை மூடிப்போட்டம் எண்டு கடைசிக் கடிதம். திருப்பித் திறக்கவும் ஏலாதாம். நீ ஒண்டும் வரேல்லை எண்டனியே? கிழமைக்குக் கிழமை வந்து கேட்டனானே!"

கடைக்குள் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயரூபன் எழும்பினான், திரும்ப இருந்தான். ஒளிக்க இனி இடமில்லை. களவு போனதை, உலாவியைப் புதுப்பிக்காமல் விட்டதை, பொய் சொன்னதை எல்லாம் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தான்.

"எப்ப களவு போனது?" என்று தயாளினி கேட்டாள்.

"செப்டெம்பர் கடைசியிலை."

"முதல் கடிதம் ஒக்டோபர் இருபதாம் திகதி வந்திருக்கு. இடையிலை மூண்டு கிழமை. நீங்கள் அண்டைக்கே சொல்லியிருந்தால், அப்பா வேறை ஈமெயில் குடுத்திருப்பாரே அண்ணை."

"ஐயோ தங்கச்சி, நான் வேணுமெண்டு செய்யேல்லை. புதுசா ஒரு விண்ணப்பம் போடுவம், நானே நிண்டு எல்லாம்…"

"புதுசாப் போட்டால் நான் மட்டும்தான் போகலாம்!" சுபாஜினி கத்தினாள். "இவளுக்கு வயது போட்டுது. இவளை இஞ்சை தனிய விட்டிட்டு அவரிட்டைப் போறதோ? இல்லை, அவரை அங்கை தனிய விட்டிட்டு இவளோடை கிடக்கிறதோ? சொல்லு! நீயே சொல்லு தம்பி!"

சுபாஜினி அப்படியே நிலத்தில் குந்தி, சீலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். போட்டோக்கொப்பி எடுக்க வந்த ஒரு மனிசி ஓடிவந்து அவளைப் பிடித்தாள்.

தயாளினி அழவில்லை.

"கள்ளன் பூந்ததுக்கு நான் உங்களைப் பேசேல்லை அண்ணை. ஆற்றை கடையிலையும் நடக்கும். பிரவுசர் செய்தவங்கள் ஓட்டை இருக்கெண்டு ஒத்துக்கொண்டு, அடைச்சும் தந்திருக்கிறாங்கள். நீங்கள் வாங்கிப் போடேல்லை. பூந்த பிறகு எங்களுக்குச் சொல்லவும் இல்லை. கள்ளன் எடுத்தது ஒரு பாஸ்வேர்ட். என்ரை அப்பாவை என்னட்டையிருந்து எடுத்தது நீங்கள்."

ஜெயரூபன் மேசையில் கிடந்த தொலைபேசியை எடுத்தான். இன்னும் எட்டுக் குடும்பங்கள் அவனுடைய பொய்யை நம்பிக்கொண்டு இருந்தன. அவர்களில் ஒருவரான செபநாயகம் மாஸ்டரின் இலக்கத்தை முதலில் அழுத்தினான். எல்லார் முன்னிலையிலும் கதைத்தான்.

"மாஸ்டர், கொமினிகேசன் ஜெயரூபன். உங்கடை ஈமெயில் களவு போட்டுது. அஞ்சு மாசமாச்சு. ஒண்டும் வரேல்லை எண்டு நான் சொன்னது பொய். உங்கடை மகன் வேலைக்கு விண்ணப்பிச்ச கம்பனிக்கு இப்பவே கோல் எடுத்து வேறை அட்ரஸ் குடுங்கோ. ஓம், என்ரை பிழைதான். ஓட்டை வாறது ஒரு குற்றமில்லை மாஸ்டர். அடைக்கப் பஞ்சிப்பட்டதும், மானம் போகுமெண்டு அதை மறைச்சதும்தான் குற்றம். அதாலை இஞ்சை ஒரு குடும்பம் அழிஞ்சு போச்சு. நீங்களாவது கெதியாப் பாருங்கோ."

மாஸ்டருக்கு அந்த அழைப்பு நேரத்துக்குக் கிடைத்தது. சுபாஜினிக்கு அது ஐந்து மாதம் பிந்திவிட்டது.