லொறிக்கு ஏறாத டிவிகள்

டிஜிட்டல் ஒளிபரப்பு வந்தபின் உக்குவளையில் பழைய குண்டு டிவிகளில் வெறும் புள்ளிமழைதான் பெய்தது. அவற்றை ஓடையில் வீசினால் உள்ளேயிருக்கும் ஈயம் தண்ணீரைக் கெடுக்கும் என்று, மகளிர் சங்கத் தலைவி ஸஜீதா டீச்சர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். தொண்டையே கட்டிப்போனது. மறுசுழற்சிக்கு அனுப்ப லொறியும் பேசினார்.

சனிக்கிழமை சங்கத்து முற்றம் டிவிகளால் நிறைந்தது. அழகாயி தன்னுடையதை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கி, எத்தனை நாடகம் பார்த்து அழுதிருப்பேன் என்று அதன் தலையைத் தடவினாள்.

லொறிச் சாரதி பொன்னையாவின் மனம் மட்டும் கிரிக்கெட்டில் இருந்தது. தன் வீட்டுக்கென்று வாங்கிய சின்ன டிஜிட்டல் ரிசீவரை லொறியிலிருந்து எடுத்துவந்தார். கைக்கு எட்டிய டிவி அழகாயியுடையது. ரிசீவரை அதில் பொருத்தி, சங்கத்து அன்டெனா வயரையும் செருகினார். மைதானம் பச்சைப்பசேலென்று தெரிந்தது.

"அப்ப இது நல்லாத்தானே இருக்கு?" என்றாள் அழகாயி.

"இந்த மாதிரி ரிசீவர் ஒண்ணு வாங்கிப் போட்டா எந்தப் பழைய டிவியும் வேல செய்யும்," என்றார் பொன்னையா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவ்வளவுதான். கொடுத்தவர்கள் எல்லாரும் குவியலில் பாய்ந்தார்கள். ஒரே மாதிரி இருந்த டிவிக்கு ரிஸ்வியும் பிரதீஷும் மல்லுக்கட்டினார்கள். தன்னுடையதென்றால் பின்மூடிக்குள் ஒரு பல்லி செத்துக் கிடக்கும் என்றார் ரிஸ்வி. திருகாணியைக் கழற்றிப் பார்த்தார்கள். கிடந்தது. பிரதீஷ் கையை எடுத்துக்கொண்டான்.

"பொன்னையா அண்ணே, நீங்க ஏத்த வந்தீங்களா, எறக்க வந்தீங்களா?" என்று கேட்டார் டீச்சர்.

கோபத்தில் வாசல்வரை போனவர், கொஞ்சம் யோசித்துத் திரும்பி வந்தார். வேலை செய்கிற சாமானைக் குப்பை என்று சொல்ல அவருக்கும் மனம் வரவில்லை. ஆகவே ஒவ்வொரு டிவியிலும் ரிசீவரை மாட்டிப் பார்ப்பது, படம் வந்தால் வீட்டுக்கு, வராவிட்டால் லொறிக்கு என்று தீர்ப்புச் சொன்னார். மாட்டிக் கழற்றும் வேலை பொன்னையாவுக்கு.

பாவம், அவர் ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டுவதற்குள் ஒரு விக்கெட் போய்விடும். படம் வந்ததும் உரியவர் டிவியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவார். பொழுது சாய்கையில் உயிரில்லாத டிவிகள் மட்டும் லொறியில் ஏறின. பாதி லொறிதான். ஆனாலும் ஓடைக்கு ஒன்றும் போகவில்லை என்று டீச்சருக்குத் திருப்தி.

எந்த அணி வென்றது என்பது பொன்னையாவுக்குப் போகிற வழியில் பலாபத்வல தேத்தண்ணிக் கடையில்தான் தெரியவந்தது.