கப்டன் தெரிந்தெடுத்த படகு

திருகோணமலை உட்துறைமுக வீதிக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் மூன்றாவது வீட்டுக் கேற்றில் ஒரு பித்தளைப் பலகை உண்டு. 'கப்டன் க. கதிரவேல் (ஓய்வு)' என்று அதில் வெட்டியிருக்கும். எந்தக் கப்பலின் கப்டன் என்று வெட்டவில்லை. ஒழுங்கையில் யாரும் கேட்டதும் இல்லை. பித்தளையில் இருப்பதைப் போய்க் கேட்பது மரியாதையாக இராது.

கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முன், துறையடியில் ஒரு பாதை ஓடியது. பாதை என்று இந்தப் பக்கத்தில் சொல்வது பஸ், லொறி, மாடு, மனிதர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போய்வரும் பெரிய மிதவையை. கதிரவேல் அதில் பத்தொன்பது வருடம் இருந்தார். ஓட்டியவர் வேறொருவர். கதிரவேலின் வேலை, ஏறிய வாகனங்கள் உருளாதபடி சில்லுக்கு மரக்கட்டை வைப்பதும் கரை வந்ததும் அதை எடுப்பதும். பாலம் திறந்த பிறகு டவுணில் இந்த வீட்டை வாங்கிக் குடிவந்தார். வரும் வழியில் எங்கேயோ கப்டன் ஆகிவிட்டார்.

மனைவி கோணேஸ்வரிக்கு இது தெரியும். வெள்ளிக்கிழமைகளில் பலகையைத் துடைப்பவர் அவர்தான். 'கதிரவேல்' பளபளக்கும். 'கப்டன்' மட்டும் பச்சை பிடித்துக் கிடக்கும்.

இந்த வைகாசியில் மகள் தேனுகாவுக்குக் கொழும்பில் ஒரு சம்பந்தம் வந்தது. வந்தது என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். தேனுகாவும் பிரசாந்தனும் ஒரே கந்தோரில் வேலை. அவர்கள் முடிவெடுத்து ஆறு மாதம். இனித் தகப்பன்மார் பேசி முடிவெடுத்ததாக நினைக்கவேண்டியதுதான் மிச்சம். பிரசாந்தனின் தகப்பனார் ஓய்வுபெற்ற எஞ்சினியர். திங்கட்கிழமை அவர் போன் எடுத்தார்.

"கப்டன், ஞாயிறு வாறம். உங்கட சொந்த போட்டில எங்களுக்குத் துறைமுகத்தைச் சுத்திக் காட்டவேணும். கப்டனோட கடலுக்குப் போறனெண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டன்."

"அதுக்கென்ன," என்றார் கதிரவேல். போனை வைத்துவிட்டுக் கோணேஸ்வரியைக் கூப்பிட்டார்.

"சொந்த எண்டதை ஏன் அவர் அழுத்திச் சொன்னவர்?"

"போன முறை நீங்கள்தானே போட் வச்சிருக்கிறன் எண்டு சொன்னனீங்கள்," என்றார் கோணேஸ்வரி.

"சொன்னனான். ஆனா அழுத்திச் சொல்லேல்ல. அவருக்கு ஏதோ மணந்திட்டுது. சோதிக்க வாறார்."

"அப்ப இப்பவே உள்ளதைச் சொல்லிவிடுங்கோ. கட்டை வச்சது களவில்லையே."

"கலியாணம் முடியட்டும், சொல்லுறன்."

"முடிஞ்சாப் பிறகு சொன்னாத்தான் அது களவு."

ஆகவே கதிரவேல் போட் வாங்கப் போனார்.

*

வெள்ளை முழுக்கைச் சேட், நங்கூரம் தைத்த தொப்பி, கையில் ஒரு பைல். பைலுக்குள் போன மாத லைட் பில் மட்டும் இருந்தது. பைல் இல்லாமல் போகிறவனை எவனும் ஏமாற்றுவான் என்பது அவருடைய எண்ணம்.

கரையோரத்தில் பாயிஸின் பட்டறை. மீன்பிடி வள்ளங்கள் செய்துகொண்டிருந்தவர், இப்போது உல்லாசப் பயணிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் விளையாட்டுப் படகுகள் செய்து விற்கிறார். அன்று பாயிஸுக்கும் மனம் சரியில்லை. போன மாதம் பக்கத்துப் பட்டறைக்கு ஒருவர் வாங்க வந்தவர்போல வந்து, எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுப் போய், மூன்றாம் நாள் படகுப் பதிவுத் திணைக்களத்து ஜீப்போடும் பட்டறைக் கதவுக்குச் சீலோடும் வந்திருந்தார். பாயிஸின் இரண்டு படகுகளுக்கு இன்னும் பதிவு இலக்கம் வரவில்லை. இந்த நேரத்தில்தான் வெள்ளைச் சேட்டும் பைலும் வாசலில் நின்றன.

"வாங்க சேர், இரிங்க சேர்," என்று பாயிஸ் கதிரையைத் துடைத்தார். துடைத்த கதிரையை மறுபடியும் துடைத்தார்.

கதிரவேலுக்கு முதற் சந்தேகம் அங்கேயே வந்தது. சாமான் நல்லதென்றால் இவ்வளவு மரியாதை எதற்கு?

"நான் சும்மா பாக்க வந்தனான்," என்றார்.

பாயிஸ் கதிரையை மூன்றாம் தடவையும் துடைத்தார். பக்கத்துப் பட்டறைக்கு வந்தவரும் அப்படித்தான் தொடங்கினாராம்.

முதலில் நின்றது காலால் மிதிக்கிற படகு. முன்னால் அன்னத்தின் கழுத்து வளைந்து உயர்ந்திருந்தது. கண்ணுக்கு மை வேறு பூசியிருந்தார்கள். கதிரவேல் அதை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"தலை ஒரு பக்கம்தான் இருக்கு."

"ஓம் சேர். அன்னத்துக்கு ஒண்டுதானே."

"அப்ப திரும்பி வரேக்க?"

பாயிஸ் யோசித்தார். இது என்ன சட்டக் கேள்வி என்று அவருக்கு விளங்கவில்லை. "வரக்குள்ள… தலை கரையைப் பாக்கும் சேர்."

"ம்," என்றார் கதிரவேல், பொய் சொல்கிறவனைப் பிடித்துவிட்டவர்போல.

அவரைக் குறை சொல்ல முடியாது. துறையடிப் பாதைக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இரண்டு பக்கமும் இறங்கு பலகை. போனபடியே திரும்பி வரும். பத்தொன்பது வருடத்தில் அது ஒரு தடவைகூட வளைந்ததை அவர் கண்டதில்லை. கடலைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் அந்த மிதவையில் நின்று அறிந்தது. வேறெதிலும் அவர் கால் வைத்ததில்லை.

அடுத்தது சின்னப் பாய்ப்படகு.

"காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் போகலாம், சேர்."

"காத்துக்கு எதிராயும்?"

"அதுக்கும் போகலாம். வளைஞ்சு வளைஞ்சு போகோணும்."

"நேரா போக ஏலாத சாமானை என்னண்டு விக்கிறீங்கள்?"

பாயிஸ் உள்ளே திரும்பி, "ஸுல்பிகா, சேருக்கு இஞ்சிப் பிளேன்ரீ," என்று குரல் கொடுத்தார்.

மூன்றாவது எஞ்சின் பூட்டிய பைபர் போட். கதிரவேல் எஞ்சினைத் தட்டிப் பார்த்தார்.

"ஏன் ஒரு பக்கம் மட்டும்?"

"மற்றது முன்பக்கம் சேர்."

"அதை ஆர் தீர்மானிச்சது?"

பாயிஸ் வியர்வையைத் துடைத்தார். எஞ்சின் பின்னால் இருக்கவேண்டும் என்பதற்கு அனுமதிக் கடிதம் எடுக்கவேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. "எல்லாரும் அப்பிடித்தான் சேர் செய்றது. நான் மட்டும் இல்ல."

"உங்கட ஊர்?"

"கிண்ணியா, சேர்."

கதிரவேல் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டார். கிண்ணியாவில் முப்பது வயதைத் தாண்டிய யாராக இருந்தாலும் பாதையில் வந்துபோனவர்தான். இந்த ஆளுக்கு நாற்பத்தைந்து இருக்கும். எத்தனை ஆயிரம் தடவை தன்னைப் பார்த்திருப்பான். தெரிந்துகொண்டுதான் 'சேர், சேர்' என்று பகிடி பண்ணுகிறானோ?

தொப்பி இறங்கியதைப் பாயிஸும் கண்டார். முகத்தை மறைக்கிறார். ஐயமே இல்லை, திணைக்களம்தான்.

தேநீர் கொண்டுவந்த ஸுல்பிகா, போகும்போது கணவரை ஒதுக்கிக் கூப்பிட்டார். "அதிகாரி எண்டா பைலைத் திறப்பாரு. இவரு பைலால வெயில மறைக்காரு."

"அதுதான் தந்திரம்," என்றார் பாயிஸ்.

கடைசியாக ஒரு மூலையில், மஞ்சள் நிறத்தில், இரண்டு பேர் ஒருவர் பின்னால் ஒருவராக மேலே இருந்து துடுப்புப் போடுகிற கயாக் ஒன்று கிடந்தது. இரண்டு முனையும் ஒரேமாதிரிக் கூர். கதிரவேல் ஒரு முனையைப் பார்த்தார். நடந்துபோய் மற்ற முனையைப் பார்த்தார். அன்றைக்கு முதற்தடவையாக அவருடைய முகம் தெளிந்தது.

"இதுதான் போட்," என்றார். "இதை ஒருக்கா ஓடிப் பாக்கவேணும்."

பாயிஸ் அவருக்கு மிதப்புச் சட்டை போட்டார். எல்லாப் பட்டியையும் இறுக்கினார். விசிலும் கட்டினார். மூச்சு விடக் கஷ்டமாக இருந்தாலும், சட்டத்தில் குறை சொல்ல இடம் இருக்கவில்லை.

உட்துறைமுகத் தண்ணீர் தட்டில் ஊற்றினதுபோல அசையாமல் கிடந்தது. கதிரவேல் பின்சீட்டில் இருந்து இரண்டு பக்கமும் மாறி மாறித் துடுப்புப் போட்டு, சிவப்பு மிதவைக் குண்டுவரை நேராகப் போனார். பாயிஸும் ஸுல்பிகாவும் கரையில் நின்று பார்த்தார்கள். குண்டடியில் அவர் துடுப்பை மடியில் வைத்தார். முதுகுப் பட்டியைக் கழற்றினார். ஒரு காலைத் தூக்கினார், மற்றக் காலைத் தூக்கினார், கயாக் இடமும் வலமும் ஆட, மெல்ல மெல்லத் தான் மட்டும் கரைப்பக்கம் திரும்பி இருந்தார். கயாக் திரும்பவில்லை. பிறகு வந்த வழியே துடுப்புப் போட்டு வந்தார்.

"என்ன செய்றாரு?" என்றார் ஸுல்பிகா.

பாயிஸ் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். இப்படிப் போய் இப்படி வருகிற ஒன்றை எங்கேயோ கண்ட ஞாபகம் அவரை அரித்தது. கரைக்கு இருபது அடி இருக்கும்போது கதிரவேலின் வலது கை தானாக உயர்ந்தது. தொண்டையிலிருந்து பழைய குரல் தானாக வந்தது.

"ஒருத்தரும் இறங்கவேண்டாம். முதல்ல லொறி."

பாயிஸின் நெஞ்சிலிருந்து உண்மையாகவே ஒரு லொறி இறங்கிப் போனது. தண்ணீருக்குள் ஓடிவந்து கயாக்கைப் பிடித்தார்.

"அண்ணன், நீங்க பாதையில கட்டை வச்ச கதிரவேல் அண்ணனெல்லா? நான் என்னமோ இன்ஸ்பெக்டர் எண்டு பயந்து செத்துப்போனன்."

"ஆர் அது? எனக்குத் தெரியாது. நான் கப்டன்."

"ஓம் ஓம், கப்டன்," என்றார் பாயிஸ். மிக வேகமாகச் சொன்னார். "எங்கட வாப்பாட லொறி, அண்ணன். நடு ஆத்தில பிரேக் விட்டு, பின்னுக்கு உருண்டு, கடைசிப் பலகை வரைக்கும் வந்திச்சே. உங்கட கட்டையிலதான் நிண்டிச்சு. வாப்பா மௌத்தாகும் வரைக்கும் அதைச் சொல்லுவாரு."

கதிரவேல் மிதப்புச் சட்டையின் பட்டிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான்காவது பட்டியில் கை நின்றது.

"நீல லொறி," என்றார். "பின் டயர் ரெண்டும் மொட்டை. ஏத்தேக்கயே சொன்னனான்." பிறகு சுதாரித்துக்கொண்டு, "எண்டு ஆரோ சொல்லக் கேள்வி," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைக் கேட்டதும் பாயிஸ், "வாங்கத் தேவல்ல, அண்ணன். நானே கயாக்கை உங்கட பக்கத்துக் கரைக்குக் கொண்டாந்து வைக்கன். நானும் நிக்கன். காசொண்டும் வாணா," என்றார்.

கதிரவேல் வீடுவரை இதையே யோசித்துக்கொண்டு நடந்தார்.

"சும்மா தாறானாம்," என்றார் கோணேஸ்வரியிடம். "தானும் வந்து நிக்கிறானாம். ஏன் நிக்கவேணும்? எஞ்சினியர் வரேக்க வாயைத் திறக்கத்தான்."

"அந்த மனுசன் வாயைத் திறந்தா நீங்கள் ஒரு லொறியைக் காப்பாத்தினதைத்தான் சொல்லும்."

"அதுதான் எனக்குப் பயம்."

*

ஞாயிறு காலை எஞ்சினியர் வாடகை வானில் மனைவியோடும் பிரசாந்தனோடும் வந்து இறங்கினார். பெரிய தொப்பி, நீரில் நனையாத புதுச் சப்பாத்து, கழுத்தில் பைனாகுலர். கரையை நோக்கி நடக்கும்போதே, தான் கொழும்பில் படகுக் கழகத்தில் முப்பது வருட அங்கத்தவர் என்று இரண்டு தடவை சொன்னார். கதிரவேல் தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டார். படகு தெரிந்த மனிதன். பிடித்துவிடுவான்.

கயாக்கைக் கண்டதும் எஞ்சினியர் கொஞ்சம் நின்றார்.

"இதுதானோ?"

"கப்பல் ஓட்டின ஆக்கள் கடைசியில இதுக்குத்தான் வருவினம்," என்றார் கதிரவேல்.

"அது எனக்குத் தெரியாமலோ?" என்றார் எஞ்சினியர் உடனே. தெரியாத விஷயத்தை அவர் சொன்ன விதத்தில் தெரிந்ததுபோல இருந்தது.

எஞ்சினியர் முன்னால், கதிரவேல் பின்னால். பாயிஸ் தள்ளிவிட்டார். குண்டுவரை இருவரும் துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றிக் கதைத்தார்கள். இருவரும் வேறு வேறு ஆழம் சொன்னார்கள், இருவரும் மற்றவர் சொன்னதை ஒத்துக்கொண்டார்கள்.

குண்டடியில் கதிரவேல் துடுப்பை மடியில் வைத்தார். "இனித் திரும்புவம்," என்று முதுகுப் பட்டியைக் கழற்றினார்.

எஞ்சினியர் தோளுக்கு மேலால் பார்த்தார். கப்டன் காலைத் தூக்குவதைக் கண்டார். ஒரு கணம் வாயைத் திறந்து, மூடினார். பிறகு தானும் பட்டியைக் கழற்றி, புதுச் சப்பாத்தைத் தூக்கி, பைனாகுலர் பட்டியில் சிக்கி, மூச்சு வாங்க, தன் இடத்திலேயே கரைப்பக்கம் திரும்பி இருந்தார்.

கதிரவேலுக்குச் சந்தேகம் கூடியது. முப்பது வருடம் படகில் இருந்தவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? எதைப் பார்த்து வைத்துக்கொண்டார்? இப்போது எஞ்சினியர் பின்னால் இருந்தார், தான் முன்னால். முதுகில் இரண்டு கண் குத்துவதுபோல இருந்தது.

கரையில் கோணேஸ்வரி, தேனுகா, பிரசாந்தன், எஞ்சினியரின் மனைவி எல்லோரும் நின்றார்கள். இந்தத் தடவை கதிரவேல் வலது கையை இடது கையால் பிடித்து வைத்திருந்தார். எஞ்சினியர் ஒருவர்தான் துடுப்புப் போட்டார்.

"பாத்தீரே," என்று மனைவிக்குக் கத்தினார். "வரேக்க நான்தான் கப்டன்."

பாயிஸ் கயாக்கை மணலில் இழுத்து வைத்தார். கரை சரிவு. அவர் ஒரு மரக்கட்டையை எடுத்துப் படகின் கீழ் செருகினார். அரைகுறையாகச் செருகினார். வேண்டுமென்றுதான் செய்தாரோ என்று கதிரவேலுக்குத் தோன்றியது. பார்க்கக் கூடாது என்று நினைத்தார். பார்த்தார். கட்டை ஒரு விரல் வெளியே நின்றது. இப்படி வைத்தால் ஒரு அலைக்கு வழுக்கும்.

மெல்லக் குனிந்தார். கட்டையைத் திருப்பிப்போட்டு உள்ளே தள்ளி, குதிக்காலால் இரண்டு தட்டுத் தட்டினார். படகை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. திங்கட்கிழமை முதல் முதுகிலிருந்த விறைப்பு அந்தத் தட்டோடு போனது.

"அட," என்றார் எஞ்சினியர். "இதையும் கப்டன்மாரே செய்யவேணுமோ?"

கதிரவேல் நிமிர்ந்தார். கோணேஸ்வரியைப் பார்த்தார். பாயிஸைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கிற மாதிரி இல்லை.

"இல்லை. இது கட்டை வைக்கிறவன்ர வேலை. நான் கப்டன் இல்லை. கிண்ணியாப் பாதையில பத்தொன்பது வருசம் கட்டை வச்சனான்."

எஞ்சினியர் கட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையைப் பின்னால் போட்டுச் சிரித்தார்.

"கேட்டீரே," என்றார் மனைவியிடம். "பெரிய ஆக்களுக்குத்தான் இந்த அடக்கம் வரும். எங்கட கழகத்திலயும் ஒருத்தர் இருந்தவர், தான் தோட்டக்காரன் எண்டுதான் சொல்லுவார்." கதிரவேலின் இரண்டு கையையும் பிடித்தார். "ஆவணியில வைப்பம், சம்பந்தி."

தேனுகா பிரசாந்தனைப் பார்த்தாள். பிரசாந்தன் மணலைப் பார்த்தான். தேனுகாவின் அப்பா கப்டன் இல்லை என்பது அவனுக்கு ஆறு மாதத்துக்கு முன்பே தெரியும்.

மற்றவர்கள் வாடகை வானை நோக்கிப் போனார்கள். எஞ்சினியர் நடந்துகொண்டே, கடற்படையில் படகைத் திருப்புவதில்லை, ஆள்தான் திரும்புவது என்று மகனுக்கு விளக்கினார்.

"அவர் நம்பேல்லையே," என்றார் கதிரவேல் மெதுவாக.

"நீங்கள் சொல்லிப்போட்டியள். நம்பாதது அவற்ற பாடு," என்றார் கோணேஸ்வரி. "நாளைக்கு அந்தப் பலகையைக் கழட்டுறன்."

"பொறு. நம்பாத மாதிரி நடிச்சாரோ தெரியாது. அவரும் அந்தக் கழகத்தில என்ன வேலை செய்தவரோ."

பாயிஸ் கயாக்கடியில் குந்தியிருந்தார். "அண்ணன், கட்டையை எடுக்கவா?"

கதிரவேல் வீதியைப் பார்த்தார். எஞ்சினியரின் வான் இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை.

"பொறுங்கோ," என்றார். "முதல்ல வாகனம் போகட்டும்."